ஒன்றேகால் அங்குலம்

ஆனி மாதக் கடைசி வியாழக்கிழமையன்று, சின்னவேடம்பட்டி பூங்கோதை இண்டஸ்ட்ரீஸில் இருந்த வார்னிஷ் அடுப்பின் மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டார்கள். அடுப்பு ஆறவில்லை. மாலை ஷிப்ட் முடியும்வரை நூற்றிருபது டிகிரியில் அசையாமல் நின்றது. பட்டறை முதலாளி நஞ்சப்பன் மூன்று முறை வந்து கையை நீட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு நம்பினார்.

அங்கே முப்பத்தொரு பேர் வேலை செய்தார்கள். ஆண்கள் லேத்தில் பம்ப் மோட்டாருக்கான ஷாஃப்ட் கடைந்தார்கள். பெண்கள் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டினார்கள். கட்டிய காயிலை வார்னிஷில் முக்கி அடுப்பில் எட்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். அந்த அடுப்பு தின்ற மின்சாரத்தில் ஒரு தெருவுக்கே விளக்கெரிக்கலாம். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், பட்டறையை மூடி ஷெட்டைக் கோடவுனாக வாடகைக்கு விட்டுவிடலாமா என்று நஞ்சப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவியின் தம்பி திருமூர்த்தி ஒரு எவர்சில்வர் பால் கேனோடு வந்து சேர்ந்தார்.

திருமூர்த்தி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். பாடத்தில் இருப்பதைவிட இல்லாததையே அதிகம் நடத்தியதால் கல்லூரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கேனுக்குள் நிக்கல் பொடி, பொட்டாஷ் கரைத்த தண்ணீர், நகைப் பட்டறை ஒன்றில் கெஞ்சி வாங்கிய பல்லேடியம் கம்பி ஆகியவை இருந்தன. டார்ச் லைட் எரியும் அளவு மின்சாரம் கொடுத்தால் போதும், கேன் ஓர் அடுப்பையே சூடாக்கியது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைவதால்தான் அது எரிகிறது, அதற்குக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும், அதே இணைவைப் பால் கேனில் ஜில்லென்று நடத்துவதற்குக் குளிர் இணைவு என்று பெயர், உலகத்தில் யாரும் இதை நம்புவதில்லை என்று அவர் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

“வெடிக்குமா மாப்ள?” என்பதுதான் நஞ்சப்பன் கேட்ட ஒரே கேள்வி.

“வெடிக்கறதா இருந்தா எப்பவோ வெடிச்சிருக்குமுங்க மாமா. கதிர்வீச்சும் இல்லீங்க. கருவி வெச்சுப் பாத்துட்டேன், முள்ளு அசையல.”

கேனை அடுப்புக்கு அடியில் பொருத்தினார்கள். ஷிப்ட் தொடங்கும்போது இயக்கி, முடியும்போது அணைத்தார்கள். முதல் மாத மின்கட்டண ரசீதைப் பார்த்த நஞ்சப்பன் மருதமலைக்கு நடந்தே ஏறிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் கனகவல்லியின் மேஜை இருந்தது. கனகவல்லி அங்கே தரப் பரிசோதகர். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்து, கடைந்து வரும் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து வந்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன் என்றால் இருபத்தைந்துதான். கூடவோ குறையவோ பத்து மைக்ரான் போகலாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரான் தலைமுடியின் தடிமனில் ஆறிலொன்றுகூடக் காணாது. அந்த ஆறிலொன்றைத் தாண்டிய சரக்கு அவளைத் தாண்டிப் போனதில்லை. “அம்மிணி பாத்துருச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நஞ்சப்பன் லாரியில் ஏற்றச் சொல்லிவிடுவார்.

கேன் வந்த மூன்றாவது வாரம், வெளியூர்க் கம்பெனி ஒன்று முந்நூறு ஷாஃப்ட்டைத் திருப்பி அனுப்பியது. எல்லாமே அறுபது மைக்ரான் குறைவு, பேரிங் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது என்று எழுதியிருந்தார்கள். கனகவல்லி முந்நூறையும் மறுபடி அளந்தாள். முந்நூறும் சரியாக இருந்தன. அவர்களுடைய கருவிதான் கெட்டிருக்கிறது என்று பதில் எழுதச் சொன்னாள். இரண்டாவது லாட்டும் திரும்பியது. இந்த முறை இன்னும் அதிகக் குறைவு. மைக்ரோமீட்டரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது, கீழே போட்டிருப்பார்கள் என்று அறிக்கை வந்தது. அவள் தன் குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை. சரிசெய்து வந்த கருவி இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு மறுபடி பிசகியது. புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதுவும் அப்படியே ஆயிற்று.

விசித்திரங்கள் வேறு பக்கமும் நடந்துகொண்டிருந்தன. ஆனால் யாரும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வரும் இரும்புக் கம்பி, சொன்ன அளவைவிடக் கொஞ்சம் பருமனாகவே வந்தது. கம்பி வியாபாரி திடீரென்று தாராள மனசுக்காரராகிவிட்டார் என்று லேத் அங்கமுத்து சொன்னார். ஷெட் சுவர், காம்பவுண்டுச் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டது. பட்டறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஷூ போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். மாலையில் செருப்பை மாட்டினால் எல்லோருக்குமே லூசாக இருந்தது. இந்தக் காலத்துச் செருப்பே இப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் நஞ்சப்பன் கனகவல்லியை ஷெட்டுக்கு வெளியே இருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே, கண்ணாடி போட்டுப் பார்க்கலாமே என்றார். அவள் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்து வைத்தாள். கொஞ்ச நாள் பேக்கிங்கில் இருக்கட்டும், கை ஓய்வாக இருக்கும் என்றார். அவள் வெளியே வந்தாள். பேக்கிங் மூலையில் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய்க் காகிதம் சுற்ற உட்கார்ந்தாள். அவள் மேஜைக்கு டிப்ளமோ படித்த ஒருவர் வந்தார். அவர் பார்த்து அனுப்பியதும் திரும்பி வந்தது. அதற்கும் கனகவல்லி பழைய கருவிகளைப் பழக்கிக் கெடுத்து வைத்ததுதான் காரணம் என்று முடிவாயிற்று.

அந்த மாதம் முழுக்க அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அளந்த கைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் தோசைகூட ஒரே அளவில் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள்.

கனகவல்லியின் கணவர் ஆறுக்குட்டி, சரவணம்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தார். இருவரும் அளவெடுத்தே பிழைத்தார்கள் என்றாலும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. எடுத்தால் சண்டை வரும். இன்ச் டேப்பை அவள் ஓர் அளவுகருவியாகவே மதித்ததில்லை, ரப்பர் பேண்ட் என்றுதான் சொல்வாள். தலைமுடியை ஆறாகப் பிளக்கிறவளுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கத் தெரியுமா என்பது அவர் பதில்.

தீபாவளி நோம்பிக்கு அவர் அவளுக்கு ஜாக்கெட் தைத்தார். மனைவிக்குப் புதிதாக அளவெடுக்க வேண்டியதில்லை, கடை நோட்டில் போன வருஷத்து அளவு இருந்தது. போட்டுப் பார்த்தால் தோள் இறங்கி நின்றது, கை தொளதொளத்தது. ஏற்கெனவே நொந்து போயிருந்தவள், ஊரில் எல்லோரும் என்னைச் சொன்னார்கள், இப்போது நீங்களும் தப்பாக வெட்ட ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டாள். ஆறுக்குட்டி முப்பது வருஷத்தில் கேட்காத சொல் அது. நோட்டை எடுத்துவந்து, விளக்குக்கு அடியில் அவளை நிறுத்தி, பழைய அளவுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே மறுபடி அளந்தார். பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஏம்புள்ள, மெலிஞ்சா இடுப்பு குறையும், கைச்சதை குறையும். தோள்பட்டை எப்படிக் குறையும்? முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எலும்புதான இருக்குது. அதும் குறைஞ்சிருக்குதே.”

உச்சந்தலை முதல் பாதம் வரை அளந்தார்கள். கல்யாணத்தன்று ஐந்தடி மூன்று அங்குலம் இருந்தவள், ஐந்தடி ஒன்றேமுக்கால் அங்குலம் இருந்தாள். ஒன்றேகால் அங்குலம் காணவில்லை. மருந்துக்கடைக்குப் போய் எடை பார்த்தார்கள். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

ஆறுக்குட்டிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். கனகவல்லி கட்டிலில் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். தோள், கை, கழுத்து, இடுப்பு. எல்லாமே நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் குறைந்திருந்தன. கடைசியாகத் திரும்பி வந்த லாட்டில், பட்டறையின் பழைய இரும்பு ஸ்கேலால் பார்த்து அனுப்பிய ஷாஃப்ட் நீளமும் நூற்றுக்கு இரண்டுதான் குறைவு. அவள் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். தன் கணவருக்கு அது இன்னும் பயத்தைக் கொடுத்தது என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, போகிற வழியில் ஸ்டேஷனரிக் கடையில் முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வாங்கினாள். பட்டறையில் நுழைந்ததும் அவள் மேஜையில் இருபது வருஷமாகக் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு முனையைச் சேர்த்து வைத்தால் மறுமுனை சேரவில்லை. இரும்பு ஸ்கேல் ஆறு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. அதில் முப்பது கோடுகளும் இருந்தன, ஒன்றும் குறையவில்லை.

திருமூர்த்தி கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹீலியம் தேடிக்கொண்டிருந்தார். ஹைட்ரஜன் இணைந்தால் ஹீலியம் வாயு வர வேண்டும். நான்கு மாதமாகத் தேடியும் ஒரு துளி வரவில்லை. அதனால் அவர் முகமே வாடிப் போயிருந்தது. கனகவல்லி இரண்டு ஸ்கேலையும் அவர் மடியில் வைத்தாள். அவர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் நெனச்சது தப்புங்க அக்கா. இது இணைவே இல்லீங்க.”

“என்னன்னு புரியற மாதிரி சொல்லுங்க வாத்தியாரே.”

“அணுவுக்குள்ள எலக்ட்ரான் மாடிப்படியில நிக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க. மேல் படியிலிருந்து கீழ எறங்குனா வெளிச்சம் குடுக்கும், சூடு குடுக்கும். கடைசிப் படிக்கு வந்துட்டா அப்புறம் குடுக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு புஸ்தகத்துல இருக்குது. ஆனா அந்தக் கடைசிப் படியிலயும் அது சும்மா நிக்காதுங்க, துடிச்சுக்கிட்டே இருக்கும். எத்தனை குளுர வெச்சாலும் அந்தத் துடிப்பு அடங்காது. அதைத்தான் பூஜ்யநிலை ஆற்றல்ங்கறது. இந்தக் கேன் அதை உறிஞ்சியிருக்குது. உறிஞ்ச உறிஞ்ச எலக்ட்ரான் கடைசிப் படிக்கும் கீழ எறங்கி, நடுவுக்குக் கிட்டப் போயிருக்குது. அணு சிறுசாயிருச்சு.”

“எந்த அணுங்க?”

“சுத்தி இருக்கற எல்லாமுங்க. அடுப்பு, லேத்து, மைக்ரோமீட்டரு, ஸ்கேலு.” கொஞ்சம் தயங்கினார். “நாம.”

கனகவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருவி சுருங்கியது, அந்தக் கருவிக்கு ஒத்துக் கடைந்த ஷாஃப்ட்டும் குறைந்தது, கருவியைப் பிடித்த கையும் அதே கணக்கில் சுருங்கியது. உள்ளே இருந்த யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அவள் தப்பாக அளக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம், குட்டையாகிப் போனதைப் பற்றிய கவலைகூட அவளுக்கு வரவில்லை.

டீ இடைவேளையில் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவரவர் போய்ச் செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பி வந்தார்கள். நஞ்சப்பன் மட்டும் கலங்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை வெளியிலிருந்து புது ஸ்கேல் வாங்கி ஒத்துப் பார்த்துக்கொண்டால் சரக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், மற்றபடி மாதத்துக்கு நூற்றில் அரைப் பங்கு குறைவதெல்லாம் ஒரு குறைவா என்று கேட்டார். ஆறடி ஒரு அங்குலம் இருந்த அங்கமுத்து தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். டவுன் பஸ்ஸில் இருபது வருஷமாகக் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்பவர் அவர். இன்னும் ரெண்டு அங்குலம் குறைந்தால் நிம்மதியாகப் போய்வருவேன் என்று சொன்னதற்குப் பலர் தலையாட்டினார்கள்.

திருமூர்த்தி கரும்பலகையில் கணக்குப் போட்டார். இதே வேகத்தில் போனால் பதினைந்து வருஷம் கழித்து ஓய்வு பெறும் அன்று அங்கமுத்து இரண்டரை அடி இருப்பார். எடை மட்டும் குறையாது. அங்கமுத்து அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

காயில் கட்டும் பெண்களில் பூவாத்தாள் என்றொருத்தி இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. நின்று வேலை செய்யக் கூடாது என்று அவளுக்கு அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“என்ற வயித்துல இருக்கறது எந்த அளவுங்க வாத்தியாரே?”

திருமூர்த்தி சாக்பீஸைக் கீழே வைத்தார். குழந்தை தினமும் வெளிச் சாப்பாட்டில்தான் வளர்கிறது, அதனால் அவ்வளவாக இருக்காது என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ எழுந்து போய் அவள் நாற்காலியை ஆளோடு சேர்த்துத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்தார்கள்.

நஞ்சப்பன் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுத் தன் அறைக்குள் போனார். கனகவல்லி பின்னாலேயே போனாள். கேனை இன்றைக்கே அணைக்க வேண்டும் என்றாள். அவர் கெட்டவர் அல்ல. பூவாத்தாளின் கேள்வி அவரையும் தைத்திருந்தது. ஆனால் வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

“அம்மிணி, கேனை நிறுத்துனா ஆறு மாசத்துல ஷெட்டைப் பூட்டணும். முப்பத்தோரு பேரும் முழு ஒசரத்துல தெருவுல நிப்பீங்க. அது பரவால்லையா?”

“தெருவுல நின்னாலும் எங்க ஒசரம் எங்களோடதுங்க மொதலாளி. அதை உங்க அடுப்புக்கு வெறகாக் குடுக்கறோம்னு நாங்க யாரும் கையெழுத்துப் போடலீங்க.”

மதியம்வரை பேச்சு நீண்டது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. கடைசியில் அவள் பையிலிருந்து கணவரின் இன்ச் டேப்பை எடுத்தாள். முதலாளியின் உயரம் எவ்வளவு என்று கேட்டாள்.

நஞ்சப்பனுக்குத் தன் உயரம் நன்றாகத் தெரியும். ஐந்தடி இரண்டு அங்குலம். பெண் பார்க்கப் போன நாளிலிருந்து அவர் மறக்க முடியாத எண் அது. அந்தச் சமயத்தில் தரகர் ஐந்தடி நான்கு என்று சொல்லியிருந்தார். நான்தான் ஷெட்டுக்குள் இருப்பதே இல்லையே, நாளுக்கு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பதோடு சரி என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் நின்றார். செருப்பைக் கழற்றச் சொன்னாள். அளந்தாள். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். ஒன்றேகால் நூல் குறைந்திருந்தது.

அவர் மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை டேப்பைத் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்க் கேனைத் தன் கையாலேயே அணைத்தார்.

அடுப்புக்கு மறுபடி மின்கம்பி பொருத்தினார்கள். பட்டறை ஆறு மாதத்தில் மூடப்படவில்லை. அதற்குக் கனகவல்லி ஒரு வழி சொன்னாள். அடுத்த சந்தில் இருந்த மூன்று சிறிய பட்டறைகளும் தனித்தனியே முக்கால்வாசி காலியான அடுப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. நான்கு பட்டறைக் காயிலையும் ஒரே அடுப்பில் அடுக்கி வேகவைத்தால் செலவு நான்கில் ஒன்றாகிவிடும் என்றாள். இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று நஞ்சப்பன் கேட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்பு சொன்னதாகவும், அப்போது அந்தப் பட்டறைக்காரர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றும் ஞாபகப்படுத்தினாள். அவர் தானே நடந்து போய் மூன்று பேரிடமும் பேசிவிட்டு வந்தார். கனகவல்லிக்குப் பழைய மேஜை திரும்பக் கிடைத்தது. அவள்மேல் தவறில்லை என்று லெட்டர்பேடில் எழுதி முத்திரை வைத்த கடிதமும் கேட்டு வாங்கினாள். அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தாள்.

திருமூர்த்தி தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவிக்கப் பார்த்தார். பதினாறு பேராசிரியர்களுக்கு எழுதினார். ஒருவர் மட்டும் சாட்சியம் அனுப்பச் சொன்னார். திருமூர்த்தி அந்த இரும்பு ஸ்கேலைப் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து ஸ்கேல் திரும்பி வந்தது. ‘இனிமேல் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஸ்கேலாகப் பார்த்து வாங்கவும்’ என்று ஒரு குறிப்பும் கூட இருந்தது.

அந்தக் கோபத்தில் அவர் கேனோடு மறுபடி மல்லுக்கட்டினார். இணைப்பைத் தலைகீழாக மாற்றி, மின்சாரத்தை அள்ளிக் கொட்டினார். திரும்பி வந்த ஸ்கேலையே பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கேல் மெல்ல மெல்ல நீண்டது. ஆனால் சூடு சிறிதும் வரவில்லை. முன்பு கேன் எவ்வளவு சூடு கொடுத்ததோ அவ்வளவு மின்சாரத்தையும் இப்போது விழுங்கிவிட்டுத்தான் அணுக்களைப் பழைய படிக்கு ஏற்றியது. ஒரு யூனிட்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவர் அதை மாமாவிடம் வந்து சொன்னார்.

“எலவசமா ஒண்ணும் கெடைக்கலீங்க மாமா. நம்ம ஒடம்புல இருந்துதான் எடுத்து நமக்கே குடுத்திருக்குது.”

தொழிலாளர்கள் உயரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதற்கு நான்கு மாதம் கேனைத் தலைகீழாக ஓட்ட வேண்டும், முன்பு மிச்சமானதெல்லாம் அதிலேயே போய்விடும். நஞ்சப்பன் மறுப்பார், வழக்கு வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்று கனகவல்லி நினைத்தாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். கொஞ்சம் அவசரமாகவே ஒப்புக்கொண்டதாக அவளுக்குப் பட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. முதல் நான்கு மாதத்தில் ஒருவர் எத்தனை நாள் ஷெட்டுக்குள் இருந்தாரோ அத்தனை நாள்தான் இப்போதும் இருக்க வேண்டும். கூட இருந்தால் கூடிவிடும், குறைய இருந்தால் குறைந்தே நிற்கும். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக் கனகவல்லி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டவணை போட்டாள். மஞ்சள்காமாலையில் இருபது நாள் வராதவருக்கு இப்போது இருபது நாள் கட்டாய விடுப்பு. அம்மை போட்டிருந்தவருக்குப் பத்து நாள். ஒரு நாளும் லீவு எடுக்காத அங்கமுத்து இப்போது காய்ச்சலோடும் வந்து மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டியதாயிற்று. ஆறடி ஒரு அங்குலமும் தனக்கு வேண்டும் என்று அவர் எழுதியே கொடுத்திருந்தார்.

பூவாத்தாள் வரவில்லை. கோபிச்செட்டிப்பாளையத்தில் தாய்வீட்டில் இருந்தாள். தை மாதம் பெண்குழந்தை பிறந்தது. நர்ஸ் அளந்து பார்த்து ஐம்பது சென்டிமீட்டர் என்று சொன்னதும் பூவாத்தாளின் அம்மா போன் செய்தார். கனகவல்லிக்கு அது போதவில்லை. ஆறுக்குட்டியின் டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறிப் போய்த் தாங்களே அளந்தார்கள். ஐம்பதுதான். கனகவல்லி குழந்தையின் காலை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாளும் வந்து ஷெட்டில் உட்கார்ந்து உயரத்தை மீட்டுக்கொள்ளலாம் என்றதற்கு, அவள் வேண்டாம் என்றுவிட்டாள். உடம்பு தினமும் புதுச் சோற்றில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், எலும்புகூடப் பத்து வருஷத்தில் மாறிவிடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மகள் வளரும்போது நானும் கூடவே வளர்ந்துவிட்டுப் போகிறேன் என்றாள் அவள்.

அட்டவணைப்படி நஞ்சப்பனுக்குப் பதின்மூன்று நாள்தான் வந்தது. முதல் நாளே அவர் ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு, கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு மின்சாரம் செலவாகும் வேலையைக் கண்காணிக்காமல் விட முடியுமா என்றார். கணக்குப் புத்தகம், போன், மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயே வந்தன. முதலாளி இப்படிப் பொறுப்பாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தொழிலாளர்கள் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பதினான்காம் நாள் காலை கனகவல்லி அட்டவணையோடு அவர் முன்னால் போய் நின்றாள். உங்கள் நாள் நேற்றோடு முடிந்தது என்றாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ வெகு மும்முரமாகப் பேசினார். அவள் காத்திருந்தாள். அவர் பேசி முடிக்கவே இல்லை. போனில் மறுமுனையில் யாரும் இல்லை என்பதைக் கண்டுகொண்டு அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். அதன் பிறகு அவர் பெயருக்கு எதிரே அந்த அட்டவணையில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

சித்திரை மாதக் கடைசியில் எல்லோருடைய நாளும் முடிந்தது. ஆறுக்குட்டி கடையைச் சாத்திவிட்டு வந்து, பட்டறை வாசலில் வைத்து ஒவ்வொருவராக அளந்தார். கனகவல்லி எழுதிக்கொண்டாள். தன் முறை வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். ஐந்தடி மூன்று. ஆறுக்குட்டி டேப்பைச் சுருட்டாமல் இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கொண்டார். திருமூர்த்தி கேனைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மற்றவர்கள் போன பிறகு நஞ்சப்பன் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். அளவு சொல்லுமுன் ஆறுக்குட்டி மனைவியைப் பார்த்தார்.

“எத்தனைன்னு சொல்லு அம்மிணி,” என்றார் நஞ்சப்பன்.

கனகவல்லி டேப்பைப் பார்த்துச் சொன்னாள்: “அஞ்சடி மூணுங்க. அதுக்கு மேலயும் ஒரு நூல் இருக்குதுங்க.”

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார். காதோரம் சிவந்திருந்தது.

“தப்புத்தானுங்க,” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

கனகவல்லி பேனாவை மூடினாள்.

“அளவு எச்சா இருந்தாக் கடைஞ்சு சரி பண்ணிக்கலாமுங்க மொதலாளி. கம்மியா இருந்தாத்தான் ஸ்கிராப்பு.”

கடைந்து சரிசெய்யலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டார். ஆறுக்குட்டியிடம் போய், பேண்ட்டைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டியிருக்கும், எப்போது வரலாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலுக்கு நடந்தார். ஷெட்டின் ஷட்டர் முழுவதும் திறந்திருந்தது. அவர் தலைக்கு மேல் நாலடி இடமிருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் வெளியே போனார்.